திருச்சியிலிருந்து பஸ்ஸிலேயே போய் ஏறக்கூடிய மலைகள் எவை?

உறையூர்ப்பெண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் தோழியும் திருச்சியில் வேலை பார்க்கிறோம். இரண்டு பேரிடமும் வண்டி கிடையாது, வாடகைக்குக் கார் எடுக்கக் கட்டுப்படியும் ஆகாது. ஆனால் மலை ஏற ரொம்ப ஆசை. எங்கே படித்தாலும் "காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், பஸ்ஸில் போகிறவர்களுக்கு யாரும் எழுதுவதில்லை.

அரசுப் பஸ்ஸில் போய், மூன்று நாலு மணி நேரமாவது காலாற நடந்து, ராத்திரி படுக்க வீட்டுக்கு வந்துவிடுகிற மாதிரி மலை எது? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற குழுக்களோடு போக விருப்பமில்லை, நின்று ஒரு மரத்தைப் பார்க்க விடமாட்டார்கள். அதே சமயம் பெண்கள் இரண்டு பேர் மட்டும் போவதால் ஆள் நடமாட்டமே இல்லாத பாதையும் வேண்டாம். எனக்குத் தெரிந்து பக்கத்தில் இருப்பவை பச்சைமலை, கொல்லிமலை, சிறுமலை. எதில் ஆரம்பிக்கலாம்? புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலைக்கு நடந்தே ஏறலாம் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார், அது உண்மையா?

துறையூரான்:

வண்டி இல்லை என்பதைக் குறையாகவே நினைக்காதீர்கள் சகோதரி. பைக்கில் போகிறவன் நிறுத்தின இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும், ஏறின வழியிலேயே இறங்க வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, அங்கே எந்த ஊர் வண்டி வருகிறதோ அதில் ஏறி வீட்டுக்குப் போகலாம். ஒரு மலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டிப் போகிற சுகமே தனி, எனக்கு மலை என்றால் அதுதான்.

புளியஞ்சோலைப் பாதை உண்மைதான். மேலே ஆகாயகங்கை அருவியாக விழுகிற அதே அய்யாறுதான் கீழே புளியஞ்சோலைக்கு வருகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் வண்டி பிடித்து, அங்கிருந்து புளியஞ்சோலை போய்விட்டால் மலை எதிரிலேயே நிற்கும். அந்தக் காலத்தில் மேலே இருக்கிறவர்கள் பலாப்பழம் சுமந்து எங்கள் பக்கத்துச் சந்தைகளுக்கு இறங்கி வந்ததெல்லாம் இந்த மாதிரி வழிகளில்தான். ஏறி முடித்தால் அறப்பளீசுவரர் கோயில். அங்கே பஸ் பிடித்து நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு வந்துவிடலாம், வந்த வழியை மறுபடி பார்க்கவே வேண்டாம்.

வளப்பூர் நாடு:

மேலே எழுதியவர் சொன்ன பாதை எனக்குத் தெரியும், நான் பிறந்ததே அந்த மலையில்தான். ஆனால் முதல் தடவையாக ஏறப்போகிற இரண்டு பெண்களுக்கு அதைச் சொல்லாதீர்கள் அண்ணே. அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறினால் தப்பு, வழக்கும் வரும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், கரடி இருக்கிற காடு அது. முன்பெல்லாம் தினமும் ஆள் நடந்த பாதை, எந்நேரமும் பேச்சுச் சத்தம் கேட்கும். இப்போது மேலே இருக்கிறவர்களே பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள், பாதை பல இடத்தில் புதர் மூடிக் கிடக்கிறது, கிளைவழி எது நேர்வழி எது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அனுமதியும் ஊர்க்காரர் ஒருவர் துணையும் கிடைத்தால் மட்டும் போங்கள்.

தங்கச்சி, நீங்கள் முதல் தடவை பஸ்ஸிலேயே மேலே வாருங்கள். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக மலைமேல் இருக்கிற செம்மேட்டுக்கு வண்டி வரும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில வண்டிகள் செம்மேட்டோடு நின்றுவிடும், சில கோயில் வரைக்கும் வரும். ஏறும்போதே "கோயில் போகுமா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரவள்ளி தாண்டினதும் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். இருபதுக்குள் வயிறு புரட்டவில்லை என்றால் பயமில்லை. பின்சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், தூக்கித் தூக்கிப் போடும். டிரைவருக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசைக்குள் இடம் பிடியுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக்கூடாது.

கோயிலிலிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இங்கே எல்லாம் தலைகீழ், முதலில் இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். போகும்போது சுலபமாக இருக்கிறதே என்று குதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் திரும்பும்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சில இடங்களில் படியின் உயரம் முழங்கால் வரைக்கும் வரும், அருவியை நெருங்க நெருங்கப் படியெல்லாம் ஈரமாகவே இருக்கும், வழவழப்பான செருப்பு போட்டு வராதீர்கள். கீழே போனால் முந்நூறு அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, அடியில் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம் இருக்கும், அதனால் தனியாகப் போகிறோம் என்ற பயம் வேண்டாம். மதியத்துக்கு முன்பே அருவிக்கு இறங்கிவிடுங்கள், நேரம் தாண்டினால் கேட்டை அடைத்துவிடுவார்கள். நேரம் மிச்சமிருந்தால் செம்மேட்டுச் சாலையிலேயே மாசிலா அருவி வரைக்கும் நடந்து வந்து, அங்கே கையைக் காட்டி வண்டி ஏறலாம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பதை அந்த நடையில்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அந்தச் சமயத்தில் மட்டும் வராதீர்கள், பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது.

பூட்டுக்கடை:

நான் திண்டுக்கல். ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்றால் என் ஓட்டு சிறுமலைக்குத்தான். கொல்லிமலைக்குத் திருச்சியிலிருந்து போய்வருவதிலேயே பாதி நாள் பஸ்ஸில் கழிந்துவிடும். இங்கே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சிறுமலை வண்டி ஏறினால் பதினெட்டு வளைவு, ஒரு மணி நேரத்தை ஒட்டி மேலே. கடைசியில் அகஸ்தியர்புரம் போய், அங்கிருந்து வெள்ளிமலை உச்சிக்கு நடக்க வேண்டும். உச்சியில் சிவன் கோயில். தூரம் அதிகமில்லை, ஆனால் செங்குத்து. பௌர்ணமியில் நல்ல நடமாட்டம், மற்ற நாளில் குறைவு, ஆகவே ஞாயிறு காலையிலேயே ஏறிவிடுங்கள். வண்டி குறைவான ரூட் இது, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். இறங்கும்போது சிறுமலை வாழைப்பழம் வாங்காமல் வராதீர்கள், புவிசார் குறியீடு வாங்கிய பழம், தோல் கறுத்துச் சுருங்கினால்தான் தின்னப் பதம்.

துறையூரான் சொன்ன "ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம்" என்பதை முழுசாக அனுபவிக்க வேண்டும் என்றால் வட்டக்கானல், வெள்ளகவி, கும்பக்கரை. இரண்டு நாள் லீவு கிடைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போய்த் தங்கி, காலையில் வட்டக்கானலில் நடக்க ஆரம்பித்தால் டால்பின் நோஸ் பாறை தாண்டி வெள்ளகவி கிராமம், அதற்கும் கீழே கும்பக்கரை, அங்கிருந்து பக்கத்திலேயே பெரியகுளம், பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ஐயாயிரம் அடிக்கு மேல் இறக்கம். மேலே ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி, கீழே வரும்போது சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். 1914இல் மலைச்சாலை முடிவதற்கு முன்னால் கொடைக்கானலுக்குப் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதைகளில்தான் ஏறினார்கள், வெள்ளைக்காரர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போன காலம் அது. வெள்ளகவிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அரிசி பருப்பு முதற்கொண்டு குதிரை முதுகில் ஏற்றியே பிழைத்தவர்கள். ஊருக்குள் செருப்பு போட மாட்டார்கள், நீங்களும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாமாகவே செய்ய வேண்டிய மரியாதை அது.

இன்னொன்று, கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டுமே என்று பயப்படாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து கேட்கிற அந்த இ-பாஸ் சொந்த வண்டி, வாடகை வண்டிகளுக்குத்தான். அரசுப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போகிறவருக்குத் தேவையில்லை.

உறையூர்ப்பெண்:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புளியஞ்சோலையை விட்டுவிட்டோம், வளப்பூர் அண்ணன் சொல்வதுதான் சரி. சிறுமலையில் ஆரம்பித்துவிட்டு அப்புறம் கொல்லிமலை என்று யோசிக்கிறோம். வெள்ளகவிக்கு அனுமதி எங்கே வாங்குவது? அப்புறம், கடைசி பஸ் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் வீட்டில் அம்மா கேட்கிற கேள்வி.

பூட்டுக்கடை:

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அந்த நாள் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. நல்ல வெயிலில் போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்து கிடக்கும்போது தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. 2024 அக்டோபரில் அரசே "ட்ரெக் தமிழ்நாடு" என்று ஆரம்பித்தது, 14 மாவட்டங்களில் 40 தடங்கள். வட்டக்கானல் வெள்ளகவியும் அதில் இருக்கிறது. இணையத்திலேயே பதிவு செய்யலாம், மலைக்கிராமத்துப் பிள்ளைகளையே வழிகாட்டியாக அனுப்புகிறார்கள், கட்டணம் தடத்துக்குத் தடம் மாறும். கும்பலோடு போக விருப்பமில்லை என்றீர்கள், ஆனால் இது அந்த மாதிரி விரட்டல் இல்லை, வழிகாட்டுகிறவருக்கு அவர் காட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும், கேட்டுக்கொண்டே நடக்கலாம். தீ பயம் உள்ள பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தடங்களை மூடிவிடுவார்கள், அந்த மாதங்களில் வேறு வழியாகப் போகலாமா என்று தேடாதீர்கள்.

துறையூரான்:

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. கடைசி வண்டியை நம்பி மலை ஏறவே கூடாது, கடைசிக்கு முந்தின வண்டியை நம்பித்தான் ஏற வேண்டும். மலை ரூட்டில் டிரிப் கட் ஆவது சகஜம், மழை பெய்து கல் உருண்டால் வண்டி மேலே வராது, கட் ஆவது பெரும்பாலும் கடைசி நடைதான். இணையத்தில் கிடைக்கிற நேரப் பட்டியல் எதையும் நம்பாதீர்கள். கீழே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேளுங்கள், அப்புறம் நீங்கள் மேலே போகிற வண்டியின் கண்டக்டரிடமே "திரும்ப எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், இன்றைக்கு நீங்களேதானா" என்று கேளுங்கள். இரண்டு பெண்கள் நடக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவரே ஞாபகம் வைத்துக்கொள்வார், ஸ்டாப்பில் ஆளைக் காணோம் என்றால் ஒரு நிமிஷம் நிறுத்தி ஹாரன் அடிக்கிற கண்டக்டர்கள் இருக்கிறார்கள்.

அதையும் மீறி மாட்டிக்கொண்டால் இருட்டில் நடந்து இறங்காதீர்கள். பெரிய மலைக்கிராமங்களுக்கு நைட் ஹால்ட் வண்டி இருக்கும். ராத்திரி மேலே வந்து நிற்கும், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துவிட்டு விடியற்காலையில் முதல் வண்டியாகக் கீழே எடுப்பார்கள். செம்மேட்டில் தங்க லாட்ஜ் உண்டு. காலை வண்டியில் காய்கறி, பழ மூட்டைகளோடு இறங்கிவிடலாம்.

மழை விட்டு பச்சை காயாத மார்கழி, தை மாதங்களில் ஒருமுறை எங்கள் பச்சைமலைக்கும் வாருங்கள். துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு வண்டி இருக்கிறது. கொல்லிமலை அளவுக்குக் கூட்டம் கிடையாது, ஊருக்கு ஊர் நடந்தே போகலாம், வழியெல்லாம் மரவள்ளிக் காடும் வீடுகளுமாக இருப்பதால் ஆளில்லாத இடம் என்ற பயமும் இல்லை. நடக்கிற வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள்.