மால்டா, கோசோ: வழிகாட்டி இல்லாமல் கடலில் இறங்கலாமா?

பவளன்:
அக்டோபரில் நானும் நண்பர் ஒருவரும் மால்டா, கோசோ தீவுகளுக்குப் போகிறோம். இருவரிடமும் ஸ்கூபா முக்குளிப்புக்கான அட்வான்ஸ்டு (அடிப்படைக்கு அடுத்த நிலை) சான்றிதழ் இருக்கிறது. அது இருந்தால் வழிகாட்டி இல்லாமல் இறங்க அங்கே அனுமதி உண்டு. காற்றுச் சிலிண்டர்களை வாடகைக்கு எடுத்துக் காரில் ஏற்றிக்கொண்டு, பிடித்த கரையில் இறங்க நினைக்கிறோம். போய் வந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

கடற்காகம்:
தாராளமாகப் போங்கள். மத்தியதரைக் கடலில் இப்படிச் சுற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான தீவுகள் எனக்குத் தெரிந்து இல்லை. சைப்ரஸில் 1980இல் லார்னகா அருகே மூழ்கிய செனோபியா கப்பலைப் பார்க்கப் படகு வேண்டும். படகு கிளம்பும் நேரம்தான் உங்கள் நேரம். கோசோவின் ஷட் லாஹ்மரிலும் மால்டாவின் சிர்கெவ்வாவிலும் கப்பல்கள் கரையிலிருந்து நீந்திப் போகும் தொலைவிலேயே மூழ்கிக் கிடக்கின்றன.

சுழியோடி:
சான்றிதழைப் பார்த்துக் கடல் வழிவிடாது, நண்பர்களே. கோசோவின் த்வேய்ராவில் இருக்கும் புளூ ஹோல் என்ற பாறைக் குழியையே எடுத்துக்கொள்வோம். இறங்குவது எளிது. ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை வளைவு; அதன் வழியாக வெளிக்கடலுக்குப் போய்விடலாம். 2017 மார்ச்சில் புயலில் சரிந்த அஸூர் விண்டோ என்ற இயற்கைப் பாறை வளைவின் பெரும்பாறைகள் அங்கேதான் கிடக்கின்றன, பார்க்கப் பார்க்க நேரம் போவது தெரியாது. ஆனால் அது மேற்குக் கரை. நீங்கள் அடியில் இருக்கும்போது வடமேற்குக் காற்று கிளம்பினால், ஏறி வரவேண்டிய பாறையிலேயே அலை மோதும். எந்த மேகத்தைக் கண்டதும் இறங்காமல் நின்றுவிட வேண்டும் என்பது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும்.

கடற்காகம்:
முன்னறிவிப்பைப் பார்க்கத் தெரிந்தால் போதும். வடமேற்குக் காற்று என்றால் த்வேய்ராவை விட்டுவிட்டுத் தெற்குக் கரைக்குப் போகலாம். கோசோ மொத்தமே 14 கிலோமீட்டர் நீளம்தான்.

குழுவோடு போவதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஒருவருக்குக் காது அடைக்கிறது, திரும்பிவிட்டால் நல்லது. ஆனால் கூட வந்தவர்கள் எல்லோரும் பணம் கட்டியவர்கள், அவர்கள் நாள் கெட்டுவிடுமே என்று சைகை காட்டக் கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சத்தோடு இன்னும் ஆழத்துக்குப் போகிறார். இதை நான் நேரில் கண்டிருக்கிறேன், கண்ட பிறகு கோபம் அடங்கவே இல்லை. இருவர் மட்டும் இருந்தால், ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினால் இருவரும் மேலே வந்துவிடலாம். காரணம் கேட்க யாரும் இல்லை.

சுழியோடி:
அந்தக் கூச்சம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. அதற்காகப் பழக்கமில்லாத இருவர் தனியே உம் எல் பரூட் என்ற மூழ்கிய கப்பலுக்குப் போவதை என்னால் ஏற்க முடியாது. 110 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பல் அது. 1995இல் மால்டாவின் கப்பல் பட்டறையில் வெடித்து ஒன்பது தொழிலாளர்களைப் பலிகொண்டது. 1998இல் தெற்குக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். கணக்கைப் பாருங்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவருக்கு அங்கே 80 லிட்டர் வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) என்றால் 2,400 லிட்டர். 50 பாரைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 1,800. அது இருபத்திரண்டு நிமிடங்களுக்குத்தான் வரும். பயந்து மூச்சு வாங்கினால் அதில் பாதி.

கடற்காகம்:
கணக்கு சரி. கப்பல் வரைக்கும் மேற்பரப்பில் ஸ்னார்க்கலோடு (மூச்சுக்குழாயோடு) நீந்திப் போய் அங்கே இறங்கினால் காற்று மிஞ்சும். ஆழத்தையும் 25 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாமே.

மரகதம்:
நீங்கள் இருவரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், படகுகளை மறந்துவிட்டீர்கள். த்வேய்ராவில் இன்லேண்ட் சீ என்ற உள்கடற்குளத்திலிருந்து கடலுக்குப் போகும் குகைப்பாதை ஏறத்தாழ 80 மீட்டர் நீளம். தலைக்கு மேலே சுற்றுலாப் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும். சுவரை ஒட்டி, ஆழமாகவே செல்லுங்கள். நடுவில் மேலே வரவே கூடாது. எங்கே மேலே வந்தாலும் முதலில் மிதவையை மேலே அனுப்பிவிட்டு வாருங்கள். கடைசி நாளைத் தரையில் கழியுங்கள். பல நாள் முக்குளித்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடலில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும் சிக்கல் வந்தால், அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மால்டாவின் மாத்தர் தேய் மருத்துவமனையில் இருக்கிறது. காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பவளன்:
முதல் நாள் மட்டும் வழிகாட்டியோடு இறங்கி, பிறகு தனியாகப் போவது எப்படி?

சுழியோடி:
அது சரியான யோசனை. ஆனால் அந்த ஒரு நாளை எளிதான விரிகுடாவில் கழித்துவிடாதீர்கள். த்வேய்ராவுக்கே அழைத்துப்போகச் சொல்லுங்கள்; அலை எழுந்தால் எந்தப் பாறையில் ஏறுவது என்று காட்டச் சொல்லுங்கள். பரூட் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

கடற்காகம்:
நானும்தான். சிர்கெவ்வாவின் கப்பல்களில் சில நாள் பழகிவிட்டு, கடல் அமைதியான காலையில் இருவராகப் பரூடுக்குப் போங்கள், பவளன்.