வேலை நம்மளது, பேர் அவரோடது: ஜெர்மன் ஆபீஸ்ல என்ன பண்றது?

மூனிக் புதுவரவு:

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனி வந்து நாலு மாசம் ஆகுது. ப்ரோபெட்சைட், அதாவது வேலையில சேர்ந்த புதுசுல வர்ற சோதனைக் காலம், இன்னும் முடியல. டீம்ல ஒருத்தர், நம்ம ஊர்க்காரர்தான், எட்டு வருஷமா இங்க இருக்கார். வந்த புதுசுல எனக்கு நிறைய உதவி பண்ணினார். இப்போ நான் எழுதற சாஃப்ட்வேர் கோடை அவர் பேர்ல காட்டறார். போன வாரம் மேனேஜர்கிட்ட, "இவருக்கு ஒண்ணொண்ணா நான்தான் சொல்லித் தர்றேன்"னு ஜெர்மன்ல சொல்லியிருக்கார். பக்கத்து சீட் ஆள் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது. ஹெச்.ஆர்.கிட்ட போகலாமா? விசா பயம் வேற. வர்ற செவ்வாய்க்கிழமை டெமோ இருக்கு.

நெக்கார் கரை:

தம்பி, இப்போதைக்கு ஹெச்.ஆர். வேண்டாம். காரணத்தைச் சொல்றேன், கொஞ்சம் நீளும். டீ போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க.

நான் 2016-ல ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தேன். கார் பாகம் செய்யற ஒரு கம்பெனி, டெஸ்டிங் வேலை. எனக்கும் இதே மாதிரி ஒரு அண்ணன் வாய்ச்சார். நல்லவர்தாங்க, அதுதான் சிக்கலே. வீடு கிடைச்சு ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, பண்ணணும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும், அதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. மனுஷன் அரை நாள் லீவு போட்டுட்டு நகராட்சி ஆபீஸுக்குக் கூட வந்தார். முதல் வாரம் பூரா அவங்க வீட்டம்மா டப்பால சாம்பார் சாதம் குடுத்து விட்டாங்க. சாப்பிட்ட வாயால எப்படிச் சண்டை போடறது?

அந்தக் குளிர்காலத்துல ஒரு சென்சார் காலையில மட்டும் தப்பு ரீடிங் காட்டிச்சு. மூணு வாரம் லாக் ஃபைலா தோண்டினேன். கடைசில பார்த்தா, கடுங்குளிர்ல ஸ்டார்ட்டர் இழுக்கிற நேரம் 12 வோல்ட் பேட்டரி ஒரு கணம் 6-க்குக் கிட்ட இறங்குது, சென்சார் அந்த நேரம் செத்துப் பொழைக்குது. கிராஃப் போட்டு அவருக்கு அனுப்பினேன், "சரியா இருக்கா பாருங்க அண்ணா"ன்னு.

மாசக் கடைசி மீட்டிங். முழுக்க ஜெர்மன். திரையில என் கிராஃப், கீழே அவர் பேர். எப்படி அவ்வளவு உறுதியா சொல்றேன்னா, வோல்டேஜுக்கான ஜெர்மன் வார்த்தையில நான் ஒரு எழுத்தை விட்டிருந்தேன். அந்தத் தப்பு அப்படியே அங்க இருந்துச்சு. சொந்தப் பிள்ளை மச்சத்தை வெச்சு அடையாளம் கண்ட மாதிரி. நான் ஒண்ணும் பேசல. எனக்கு அப்போ ஜெர்மன்ல காபி கேக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ரெண்டு நாள் தூக்கம் இல்லாம மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்களும் அந்த ரூம்லதானே இருந்தீங்க, ஏன் ஒண்ணும் சொல்லல?" கிண்டலா கேக்கல. அவருக்கு நிஜமாவே புரியல.

நம்ம ஊர்ல நம்ம வேலையை நாமே சொன்னா தம்பட்டம். "நிறைகுடம் தளும்பாது"ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. இங்க ஒருத்தர் உங்க முன்னாடி ஒண்ணு சொல்லி நீங்க மறுக்கலைன்னா, ஒத்துக்கிட்டீங்கன்னுதான் எடுத்துப்பாங்க. அதுவும் இங்கிலீஷ்ல நடக்கற மீட்டிங்கை விட, பன்னிரண்டு மணிக்கு "மால்ட்சைட்"னு சாப்பாட்டு நேர வணக்கம் சொல்லிக்கிட்டுக் கேன்டீனுக்குப் போற வழியில ஜெர்மன்ல நடக்கிற பேச்சுலதான் யார் என்ன செஞ்சாங்கன்னு முடிவாகுது. நாம அந்நேரம் டப்பாவைத் திறந்து சீட்லயே தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருப்போம். உங்க ஆள் திருடறது இந்த இடைவெளியிலதான். வாரத்துல ரெண்டு நாளாவது அவங்களோட போய் உக்காருங்க. புரியலைன்னாலும் பரவாயில்ல.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். திங்கள் காலையிலயே டீம் மொத்தத்துக்கும் மேனேஜரையும் சேர்த்து ஒரு மெயில். மூணு வரி, ஜெர்மன்ல. நான் இன்ன பகுதியைச் செஞ்சு முடிச்சிருக்கேன், நாளைக்கு டெமோல அதை நானே காட்டறேன், அஞ்சு நிமிஷம் போதும். அவரைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. புகார் வாடை அடிச்சுதுன்னா நீங்கதான் கெட்டவர். டெமோல ஆரம்பத்துல மட்டும் ஜெர்மன்ல ரெண்டு வாக்கியம் பேசிட்டு, அப்புறம் இங்கிலீஷுக்கு மாறிக்கோங்க. யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, மீட்டிங் முடிஞ்சு புரோட்டோக்கோல், அதாவது கூட்டக் குறிப்பு, யார் எழுதறதுன்னு கேக்கறப்போ எல்லாரும் ஷூவைப் பாப்பாங்க. நீங்க கையைத் தூக்குங்க. இந்த நாட்டுல புரோட்டோக்கோல்ல இருக்கறதுதான் நடந்தது. ஆனா ஒவ்வொரு வாரமும் தூக்காதீங்க, அப்புறம் அதுவே உங்க வேலையாயிடும். எனக்கு ஒரு வருஷம் அப்படித்தான் ஓடிச்சு.

கோடு எப்படி அவர் பேர்ல போகுதுன்னு நீங்க சொல்லல. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: உங்க பிராஞ்சை, அதாவது நீங்க தனியா வேலை செய்யற நகலைப் பாத்து அவர் பிராஞ்ச்ல ஒட்டிக்கிட்டு, அதைப் பொதுக் கோடுல சேர்க்கக் கேக்கற புல் ரிக்வெஸ்ட்டை அவர் திறப்பார். ஸ்குவாஷ் பண்ணி, அதாவது எல்லா மாற்றத்தையும் ஒண்ணாச் சுருக்கி, மெர்ஜ் பண்ணினா வரலாறு பூரா ஒத்தைப் பதிவு, ஒத்தைப் பேர். அதனால அரைகுறையா இருந்தாலும் முதல் நாளே டிராஃப்டா புல் ரிக்வெஸ்ட்டை நீங்களே திறந்து வெச்சிடுங்க. அந்த வேலைக்கான டிக்கெட்லயும் என்ன கண்டுபிடிச்சீங்கன்னு அன்னன்னைக்கே ரெண்டு வரி. "கொஞ்சம் பாருங்க அண்ணா"ன்னு தனி மெசேஜ்ல ஃபைல் அனுப்பற பழக்கத்தை இன்னையோட விடுங்க. லிங்க் மட்டும் அனுப்புங்க.

ஹம்பர்க் மாமா:

அடுத்த தடவை அந்த ஆள் பேசறப்போ போன்ல ரெக்கார்ட் பண்ணி மேனேஜருக்குப் போட்டுக் காட்டச் சொல்லும்மா. ஒரே நாள்ல முடிஞ்சிடும்.

நெக்கார் கரை:

மாமா, தம்பி உள்ள போயிடுவார்! இங்க ஒருத்தருக்குத் தெரியாம அவர் பேசறதைப் பதிவு பண்றது குற்றம். குற்றவியல் சட்டம் 201-ஆம் பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் சிறை இல்லைன்னா அபராதம். திருடினவர் வீட்ல இருப்பார், பறிகொடுத்தவர் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பார். அதே மாதிரி ஆபீஸ் மெயிலையும் கோடையும் "ஆதாரம்"னு சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீங்க. நோட்டீஸ் கூட இல்லாம வேலையை விட்டுத் தூக்க அது ஒண்ணே காரணமாயிடலாம். ஒரு நோட்டு வாங்கி, தேதி, நேரம், யார் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு கையால எழுதிட்டு வாங்க. வாடிக்கையாளர் விவரம், கம்பெனி ரகசியம் எதுவும் அதுல வேண்டாம்.

இப்போ விசா பயத்துக்கு வர்றேன். ப்ரோபெட்சைட் அதிகபட்சம் 6 மாசம். அதுக்குள்ள ரெண்டு வார நோட்டீஸ்ல காரணமே சொல்லாம அனுப்பலாம். 10 பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல, சேர்ந்து 6 மாசம் தாண்டிட்டா பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்துடும், அப்புறம் சட்டம் ஒத்துக்கற காரணம் இல்லாம அனுப்ப முடியாது. உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். ஹெச்.ஆர். வேண்டாம்னு ஆரம்பத்துல சொன்னது இதுக்குத்தான். வேலையில உங்க பேர் தெரியற மாதிரி பண்ணுங்க, சண்டையை ஒத்தி வைங்க.

உங்களோடது ப்ளூ கார்டா, அதாவது படிச்ச வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியா இருந்தா முதல் 12 மாசத்துல வேலை மாறினா வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். அவங்க 30 நாள் வரைக்கும் நிறுத்தி வெச்சுப் பாக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதுக்கப்புறம் அந்தக் கட்டு இல்ல. அதனால கோவத்துல ரிசைன் லெட்டரை நீட்டிடாதீங்க.

பெட்ரீப்ஸ்ராட் இருக்கான்னு விசாரிங்க. தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற குழு. ஹெச்.ஆர். கம்பெனியோட ஆள், இவங்க உங்க ஆள். அவங்ககிட்ட புகார் குடுக்க சட்டப்படி உரிமை இருக்கு. மேனேஜர் உங்க வேலையை மதிப்பிட்டுப் பேசறப்போ அவங்கள்ல ஒருத்தரைக் கூட உக்கார வெச்சுக்கலாம். ப்ரோபெட்சைட்லகூட இவங்க கருத்தைக் கேக்காம அனுப்பினா அந்தப் பணிநீக்கம் செல்லாது. சும்மா ஒரு நாள் போய் அறிமுகமாகிட்டு வாங்க, புகாரோட போகணும்னு இல்ல. அப்புறம், வேலை சம்பந்தமான சட்டச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கறதா இருந்தா இப்பவே எடுங்க. பொதுவா 3 மாசம் காத்திருப்புக் காலம் உண்டு, பிரச்சனை வெடிச்ச பிறகு எடுத்தா உதவாது.

பேர் போனா என்ன, சம்பளம் வருதேன்னு சில பேர் சொல்வாங்க. இங்க வேலையை விட்டுப் போறப்போ அர்பைட்ஸ்சொய்க்னிஸ்னு ஒரு தாள் தருவாங்க, அடுத்த இடத்துல அதைக் கேப்பாங்க. நீங்க செஞ்சதெல்லாம் அதுல வரணும். பாக்க எல்லாமே பாராட்டு மாதிரி இருக்கும், ஆனா சங்கேத பாஷை. "எப்போதும் எங்கள் முழுமுதல் திருப்திக்கு"ன்னு இருந்தா முதல் தரம். வெறும் "எங்கள் திருப்திக்கு"ன்னா தட்டுத் தடுமாறிப் பாஸ். "முயற்சி செய்தார்"னு இருந்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மேனேஜர் மாறினா உடனே ட்ஸ்விஷன்சொய்க்னிஸ், அதாவது இடைக்காலச் சான்று கேளுங்க. அதுக்கு நியாயமான காரணம்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஹம்பர்க் மாமா:

ரெக்கார்டிங் யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். உருப்படியா ஒண்ணு சொல்றேன். தம்பி செஞ்சது புதுக் கண்டுபிடிப்பு மாதிரி, பேட்டன்ட் வாங்கற தரத்துல இருந்தா கதையே வேற. ஊழியர் கண்டுபிடிப்புக்குன்னு இங்க 1957-லேருந்து தனிச் சட்டம் இருக்கு. கண்டுபிடிச்சவர் தாமதிக்காம கம்பெனிக்கு எழுத்துல தெரிவிக்கணும், மெயில் போதும். கம்பெனி அதை எடுத்துக்கிட்டா தனியா ஊதியம் தரணும், பேட்டன்ட்ல கண்டுபிடிச்சவர் பேர் வரணும். ஒரு தடவை என் மேலதிகாரி தன் பேரை நுழைக்கப் பார்த்தார். அந்தப் படிவத்துல யார் பங்கு எத்தனை சதவீதம்னு ஒரு கட்டம். அவரைக் கூப்பிட்டு, "உங்க பங்கு என்னன்னு எழுதணும் சார், சொல்லுங்க"ன்னு பேனாவோட உக்காந்தேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் போன் வந்துடுச்சுன்னு எழுந்து போயிட்டார்.

மூனிக் புதுவரவு:

நன்றிக்கா, நன்றி மாமா. நான் செஞ்சது பேட்டன்ட் அளவுக்கெல்லாம் இல்ல. ஆனா ஒண்ணு உறுத்துது. அவர் வீட்லதான் நான் முதல் பத்து நாள் தங்கினேன். காசு கூட வாங்கல.

நெக்கார் கரை:

அந்தக் கடனை வேற வழியில அடைங்க. அவர் பிள்ளை பிறந்தநாளுக்குப் போங்க, நல்ல கிஃப்ட்டா வாங்கிக் குடுங்க. அவங்க வீடு மாறினா ஆளுக்கு முன்னாடி போய்ப் பெட்டி தூக்குங்க. கோடை மட்டும் குடுக்காதீங்க.

நான் கடைசில என் அண்ணன்கிட்ட காபி மெஷின் பக்கத்துல நேராவே கேட்டேன், தமிழ்லயே. "எல்லாம் ஒரே டீம்தானேம்மா, யார் பேர்ல போனா என்ன?"ன்னார். "அப்போ என் பேர்லயே போகட்டுமே அண்ணா"ன்னேன். ரெண்டு வாரம் பேசல. மூணாவது வாரம் அவரே வந்து ஒரு லாக் ஃபைலைப் பத்திச் சந்தேகம் கேட்டார். அதுக்கப்புறம் என் கிராஃப் எதுவும் அவர் ஸ்லைடுல வரல. அவர் திருந்திட்டார்னு சொல்ல மாட்டேன். அடுத்து வந்த பையன்கிட்ட அதே வேலையைக் காட்டினார். அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். அண்ணி இப்பவும் பொங்கலுக்கு போன் பண்ணுவாங்க.

அந்த மூணு வரியை இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஜெர்மன்ல எழுதி இங்க போடுங்க, இலக்கணம் பாத்துத் தர்றேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: "வியர்"னு ஆரம்பிக்காதீங்க. நாம மரியாதைக்கு "நாங்க"ன்னு எழுதிடுவோம், படிக்கறவங்க அந்த நாங்கள்ல அவரையும் சேர்த்துக்குவாங்க. "இஷ்"னு எழுதுங்க. நான்.

மூனிக் புதுவரவு:

அக்கா, எழுதிட்டேன். மூணு வரியிலயும் "வியர்"தான் இருந்துச்சு. மாத்திட்டுப் போடறேன்.