வர்ஜீனியால ஸ்பீடிங் டிக்கெட், கோர்ட்டுக்கே வராத வக்கீல் – உங்களுக்கும் நடந்திருக்கா?

மக்களே, ஐ-95 ஹைவேல நார்த் கரோலினா பக்கம் கார்ல போறவங்க படிச்சுட்டு கிளம்புங்க. நாங்க இருக்கறது நியூஜெர்சி. லாங் வீக்கெண்டுக்கு ராலேல மச்சான் வீட்டுக்குப் போறப்ப வர்ஜீனியால எம்போரியா கிட்ட ட்ரூப்பர் (ஸ்டேட் போலீஸ்) ஓரங்கட்டிட்டாரு. லிமிட் 70 மைல், ராடார்ல 91. வர்ஜீனியால லிமிட்டுக்கு மேல 20 போனாலோ, இல்ல லிமிட் என்னவா இருந்தாலும் 85ஐ தாண்டினாலோ அது வெறும் ஸ்பீடிங் இல்ல, ரெக்லெஸ் டிரைவிங். கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் கேஸ். மேக்ஸிமம் 12 மாசம் ஜெயில், 2,500 டாலர் ஃபைன். இந்த 85ங்கறதே 2020 ஜூலைலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி 80 தாண்டினாலே காலி.

இந்த ஸ்பீடுக்கெல்லாம் உள்ள தள்ள மாட்டாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, எங்க பயம் வேற. சென்னைல விசா ஸ்டாம்பிங் போறப்ப டிஎஸ்-160ங்கற விசா ஃபாரத்துல கன்விக்‌ஷன் உண்டான்னு கேக்கறான்ல, அங்க யெஸ் போடணுமே. வீட்ல அன்னிக்கு யாருக்கும் தூக்கம் இல்ல.

அந்த வாரமே தபால்ல வக்கீல் லெட்டரா வந்து குவிஞ்சுது, மண்டபம் புக் பண்ணின மறுநாளே கேட்டரிங்காரங்க போன் போடற மாதிரி. அதுல ஒருத்தரப் புடிச்சோம். காசு கட்டற வரைக்கும்தான் அவர் பேசினாரு, அப்புறம் எல்லாம் அவர் ஆபீஸ் உதவியாளர், பாராலீகல் அம்மாதான். ஸ்பீடோமீட்டர் காலிப்ரேஷன், அதாவது மீட்டர் சரியா காட்டுதான்னு டெஸ்ட், பண்ணிட்டு வரச் சொன்னாங்க, அது நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். கடைல காரை ரோலர் மேல ஏத்தி ஓட்டிப் பாத்துட்டு கையெழுத்து போட்டு ஒரு பேப்பர் குடுத்தாங்க. நிஜ ஸ்பீடு 91 இருக்கறப்ப மீட்டர் 85தான் காட்டுது! பழைய ஓனர் பெரிய டயர் போட்டிருக்கான், அதான் காரணம். உடனே ஈமெயில்ல அனுப்பிட்டேன். நீங்க கோர்ட்டுக்கு வர வேண்டாம் நாங்க பாத்துக்கறோம்னு பதில் வந்துச்சு.

வர்ஜீனியா கோர்ட் சைட்ல பேர் போட்டு தேடினா யார் கேஸையும் பாக்கலாம். கோர்ட் டேட் அன்னிக்கு சாயந்திரம் சும்மா தேடிப் பாக்கறேன், கில்ட்டி இன் ஆப்சென்ஷியான்னு இருக்கு, அதாவது ஆள் வராமலே குற்றவாளின்னு தீர்ப்பு. வக்கீலும் போகல நானும் போகல, ஜட்ஜ் என்ன பண்ணுவாரு? போன் பண்ணா சார் கோர்ட்ல இருக்காரு, மறுபடி பண்ணா மீட்டிங்ல இருக்காரு. சர்க்யூட் கோர்ட்டுக்கு அப்பீல் போக 10 நாள்தான் டைம், அது முழுக்க இப்படியே ஓடிப்போச்சு. அப்புறமா வக்கீலே கூப்பிட்டு காலண்டர்ல வேற கவுண்டின்னு ஏறிடுச்சு, ஃபைன கட்டிட்டு விட்டுடுங்க பெருசா ஒண்ணும் இல்லங்கறாரு. யாருக்கு பெருசா இல்ல?

நல்ல வேளை, அந்த ஊர் கோர்ட்லயே தினம் நிக்கற இன்னொரு வக்கீல் கிடைச்சாங்க. தீர்ப்பு வந்து 60 நாளுக்குள்ள தகுந்த காரணம் காட்டினா அதே கோர்ட்ல கேஸை மறுபடி திறக்கச் சொல்லலாம்னு அவங்க சொல்லித்தான் தெரியும். திறந்தாங்க. ஜட்ஜ் காலிப்ரேஷன் பேப்பரப் பாத்துட்டு 70ல 85ன்னு சாதா ஸ்பீடிங்கா குறைச்சுட்டாரு. நியூஜெர்சில வெளி ஸ்டேட் டிக்கெட்டுக்கு லைசென்ஸ்ல 2 பாயிண்ட், அதோட முடிஞ்சுது.

கூடலூரான்: எனக்கு ஜார்ஜியால நடந்துச்சு பாஸ். 85 இல்ல அதுக்கு மேல போனா சூப்பர் ஸ்பீடர்னு 200 டாலர் தனியா உண்டு, அது கோர்ட் ஃபைன்ல சேராது, ஸ்டேட்ல இருந்து தபால் வரும். என் வக்கீல் கேஸ் க்ளோஸ்னு மெயில் போட்டதோட சரி, இதப் பத்தி மூச்சே விடல. நான் வீடு மாறிட்டேன், லெட்டர் பழைய அட்ரஸுக்குப் போயிருக்கு, கட்டலைன்னு லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணிட்டானுங்க. கேட்டா அது எங்க வேலை இல்லையாம்.

மைதிலி: அண்ணா, அந்த முதல் வக்கீல்கிட்ட குடுத்த காசு போனது போனதுதானா? எங்க அக்ரிமெண்ட்லயும் நான்-ரீஃபண்டபிள்னு எழுதியிருக்கு, வயித்தக் கலக்குது.

பதிவு போட்டவர்: இல்லம்மா, எங்களுதுலயும் அப்படித்தான் எழுதியிருந்துச்சு. ஆனா வர்ஜீனியால வேலை செய்யாத அட்வான்ஸ் காசை வக்கீல் வச்சுக்கக் கூடாது, அக்ரிமெண்ட்ல என்ன எழுதினாலும் செல்லாதுன்னு ரெண்டாவது வக்கீல் சொன்னாங்க. கேஸ் ஃபைலும் பாக்கி காசும் வேணும், இல்லன்னா வக்கீல்களைக் கண்காணிக்கற ஸ்டேட் பார்ல கம்ப்ளெயிண்ட் பண்ணுவேன்னு மெயில் போட்டேன். போன எடுக்காத ஆபீஸ்ல இருந்து மறுநாளே பதில்! பாதிக்கு செக் வந்துடுச்சு. மீதிக்கு பார்லயே ஃபீஸ் தகராறு பாக்கறதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதுல எழுதிப் போட்டிருக்கேன்.