பிரீஸ் சொலேய்: வெயில்மறைப்பா, வெயில்மறிப்பா?

வணக்கம் ஐயா,

‘சன்ஷேடு’ இருக்கும்போது பிரீஸ் சொலேய்க்குத் தனிச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சன்ஷேடு சன்னலுக்கு மேலே நீட்டிய ஒற்றைப் பலகை. பிரீஸ் சொலேய் என்பது வெயிலைத் தடுக்கச் சுவர் முழுவதற்கும் முன்னால், குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் ஆழமான கான்கிரீட் கட்டங்கள்.

கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே இதற்காகப் பட்ட பாட்டைப் பார்த்தால் சொல் தானாக வரும். 1933-இல் பாரிசில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்புக்கு அவர் கட்டிய விடுதியின் தெற்கு முகம் முழுக்கக் கண்ணாடி. திறக்கவும் முடியாது. திட்டமிட்டிருந்த குளிரூட்டலைச் செலவு கருதிக் கைவிட்டார்கள். கோடையில் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். போருக்குப் பின் அதே முகத்தில் பிரீஸ் சொலேய் வைத்தார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலுக்குத் திரை போட்டு என்ன பயன்? சூடு உள்ளேதானே இருக்கும்!

அதனால்தான் ‘வெயில்மறைப்பு’ எனக்கு ஒப்பவில்லை. திரைச்சீலையும் மறைக்கிறது. மறிப்பது வேறு, சாலை மறியலில் வண்டி வெளியிலேயே நிற்கிறதே, அப்படி. பிரெஞ்சுச் சொல் வெயிலை ‘உடைக்கிறது’. தமிழில் வெயில் அடிக்கும், ஏறும், தாழும், உடையாது.

ஆகவே வெயில்மறிப்பு. ‘வெயில்மறி’ என்று சுருக்கலாம்தான். ஆனால் மறி என்றால் ஆட்டுக்குட்டி என்று யாராவது கிளம்புவார்கள். கோயிலில் கிடா வெட்டும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருந்துகொண்டு எனக்கு இந்த வம்பு வேண்டாம்.

எங்களுக்கு இது ஏட்டுச்சொல்லும் இல்லை. கொர்புசியேயிடம் வேலை பழகிய ழான் போசு இத்தீவுக்கு வந்து, தலைநகர் சென் தெனியில் பல கட்டடங்கள் எழுப்பினார். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு அவற்றைக் காட்டும்போதுதான் தமிழில் சொல் இல்லாமல் திணறுகிறேன்.

*

தம்பி, மறிப்பு நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அகமதாபாத் ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் (1954) கொர்புசியே மேற்கு முகத்துப் பலகைகளைச் சாய்த்து வைத்தார். வெயில் நிற்கும், காற்று நுழையும். மறிப்பு என்றால் காற்றும் நின்றுவிடுமே?

*

ஐயா, சொல்லின் முன்பாதி வெயில்தானே? காற்றையும் மறித்தால் அதற்குச் சுவர் என்றே பெயர் இருக்கிறது.

தனித்தனிப் பலகையை ‘மறிப்புப் பலகை’ என்று வைத்துக்கொள்கிறேன். பிரேசிலின் ரியோவில் கொர்புசியே ஆலோசனை சொன்ன அன்றைய கல்வி அமைச்சகக் கட்டடத்தில் பலகைகளைத் திருப்பலாம். அங்கேயும் எங்களைப் போலத் தென்கோளம், அதனால் வடக்கு முகத்தில் வைத்தார்கள். அந்த வகைக்குத் ‘திருப்புபலகை’ சரிவருமா? ‘சுழல்பலகை’ என்றால் மின்விசிறிபோல ஒலிக்கிறது.