ஆறும் இல்லை, பனியாறும் வரவில்லை: டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்கை வெட்டியது எது?

கேள்வி – கூழாங்கல்:
இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு வடமேற்கே, சவுத் டவுன்ஸ் குன்றுகளில் உள்ள டெவில்ஸ் டைக் சுமார் 100 மீட்டர் ஆழம். அடியில் ஓடை கிடையாது. பனியுகப் பனிப்பாளமோ லண்டனின் வடபகுதியோடு நின்றுவிட்டது. இங்குள்ள சாக் (chalk) எனும் மென்மையான வெண் சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் உடனே உள்ளே இறங்கிவிடும். பிறகு எப்படி இவ்வளவு ஆழம்?

பதில் – மண்வெட்டி:
நீர் இறங்க முடியாத காலத்தில் வெட்டுப்பட்டதுதான் பெரும்பகுதி. பனியாறு எட்டாவிட்டாலும், கடுங்குளிர்க் கட்டங்களில் இங்கே தரை ஆண்டு முழுக்க உறைந்து கிடந்தது. பாறைத் துளைகளைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. கோடையில் மேல்மண் மட்டும் இளகும். உருகிய நீருக்குக் கீழே வழியில்லை. மேலேயே ஓடி, உடைந்த கல்லையும் சேற்றையும் வாரிக்கொண்டு போனது. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்ததும் துளைகள் திறந்தன, பள்ளத்தாக்கு வறண்டது.

பதில் – அடிப்பாறை:
மேலே சொன்னது சரி. ஆனால் கல் எப்படி உடைந்தது? ‘நீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும்’ என்ற பள்ளிப் பாடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சாக் பாறையில் நுண்துளைகள் அதிகம். குளிர் மெதுவாக இறங்கும்போது, வளரும் பனிக்கட்டி சுற்றியுள்ள உறையாத நீரைத் தன்பக்கம் இழுத்து, தரைக்கு இணையாக மெல்லிய தகடுகளாகத் தடிக்கும். பாறையைப் பிளப்பது அதுதான். சட்டென்று உறைந்தால் நீர் வந்துசேர நேரமிருக்காது, தகடும் வளராது. இளகும்போது அத்தனை நீரும் ஒரே இடத்தில் வெளிப்படுவதால், இரண்டு மூன்று பாகைச் சரிவில்கூட மண் கூழாகி நகரும்.

கூழாங்கல்:
களத்தில் இதை எப்படி அடையாளம் காண்பது?

பதில் – மண்வெட்டி:
பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதியில், மண்ணடுக்கு வெளியே தெரியும் வெட்டுமுகம் தேடுங்கள். கூர்முனைச் சாக் துண்டுகளும் ஃபிளின்ட் (சிக்கிமுக்கி) கற்களும், பெரிது சிறிது பிரியாமல், வெண்சேற்றில் புதைந்திருந்தால் அது ‘கூம் ராக்’, அதாவது அப்படிக் கூழாகி நகர்ந்த மண் விட்டுப்போன படிவு. உருண்ட கல், தெளிவான அடுக்கு என்றால் ஆற்றின் வேலை.

பதில் – அடிப்பாறை:
இதே நகர்வு களிமண் சரிவிலும் நடந்தது; கட்டுமானக்காரர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 1960களில் கென்ட்டின் செவனோக்ஸ் புறவழிச்சாலைக்கு வெட்டியபோது, பனியுகத்தில் மண் வழுக்கிய பழைய பரப்புகள் (வழுக்குமுகங்கள்) மறுபடி நகர்ந்து, சாலைத் தடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த முகம் காகிதம்போல் மெல்லியது, துளையிட்டு எடுக்கும் மாதிரியில் எளிதில் தப்பிவிடும். சோதனைக் குழிதான் வெட்ட வேண்டும். சுவரைக் கத்தியால் சீவி, களிமண் கட்டியைக் கையால் பிட்டுப் பாருங்கள். பளபளப்பும் ஒரே திசையில் கீறலும் தெரிந்தால் அதுதான் வழுக்குமுகம். பக்கத்துக்கு முட்டுக்கொடுக்காமல் குழிக்குள் இறங்காதீர்கள்.