'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' மெட்டின் வேர் தேட உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' (நெப்போலியன் போனபார்ட்டின் பின்வாங்கல்) என்ற பழைய அமெரிக்க பிடில் மெட்டு சில மாதங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அதன் பூர்வீகம் தேட உங்கள் உதவி வேண்டும்.

1937இல் கென்டக்கியின் சாலியர்ஸ்வில் ஊரில் பிடில் கலைஞர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் இதை வாசிக்க, நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்தார். இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர் அதைக் கேட்டு ஸ்வரப்படுத்தினார். அதிலிருந்துதான் அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட் 1942இல் தன் 'ரோடியோ' பாலேயின் 'ஹோ-டவுன்' பகுதிக்கு மெட்டை எடுத்தார். பலர் மெதுவான படைநடையில் வாசிப்பதை ஸ்டெப் நாலுகால் பாய்ச்சலில் வாசிக்கிறார். என்ன வேகம்!

எனக்கு வேண்டியது இதற்கு முந்தைய கதை. இந்த மெட்டுக்காக வயலினின் முதல், கடைசித் தந்திகளை இறக்கி டி-டி-ஏ-டி (D-D-A-D) என்ற மேற்கத்திய ஸ்வரங்களுக்குச் சுருதி கூட்டுவார்கள். நானும் செய்து பார்த்தேன். தடித்த தந்தி தளர்ந்து, வில் பட்டதும் தம்பூரா மாதிரி அடியில் ரீங்கரிக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்தில் வாசிக்கும் பேக்பைப் என்ற பைக்குழலின் ஆதார சுருதியும் இப்படித்தான் ஒலிக்கும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக பிரெஞ்சு உதவியை எதிர்பார்த்த அயர்லாந்தில் நெப்போலியன் பெயரில் மெட்டுகள் நிறைய உண்டு. ஆகவே என் சந்தேகம் அந்தப் பக்கம் போகிறது.

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஸ்வரத் தொகுப்புகள் யாரிடமாவது இருக்கிறதா? இதன் சாயலில் ஒரு படைநடை மெட்டு கண்ணில் பட்டால், பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தலைப்பு வேறாக இருந்தாலும் பரவாயில்லை.