அலாய் வீலில் பழுப்புக் கறை, எதைப் போட்டுத் துடைப்பது?

கோவை_ஸ்விஃப்ட்:
முன் வீல் இரண்டும் ஷாம்பு போட்டுத் தேய்த்தும் பழுப்பாகவே நிற்கிறது. பின்னால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பட்டறைக்காரன்:
வேண்டவே வேண்டாம் தம்பி! ஆசிட் மேல்பூச்சை அரித்து அலுமினியத்தில் வெள்ளைத் திட்டு விழவைக்கும். அந்தப் பழுப்பு, பிரேக் தேய்ந்து வரும் இரும்புத் தூள். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம், அதனால் அங்கே கூடுதல். அயர்ன் ரிமூவர் (இரும்புத் தூளைக் கரைக்கும் ஸ்ப்ரே) வாங்கி, வீல் ஆறியபின் நிழலில் வைத்து அடியுங்கள். ஊதாவாக வழியும், இரும்புத் தூள் கரைகிறது என்று அர்த்தம். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். நட்டுக் குழிக்குப் பழைய பெயின்ட் பிரஷ் போதும். நாற்றம்தான் தாங்காது.

மதுரை_டிரைவர்:
அப்புறம் மெட்டல் பாலிஷ் போடலாமா அண்ணே?

பட்டறைக்காரன்:
லேக்கர் (நிறமற்ற மேல்பூச்சு) பூசிய வீலுக்குக் கூடாது, மங்கிவிடும். பாடிக்குப் போடும் வாக்ஸே சரி. பிரேக் டிஸ்க்கில் வாக்ஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.